கேட்கப் படித்தவர்கள்

கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் இதழியல் முதுகலையையும் ஆசிய ஆய்வு முதுகலையையும் ஒருசேரப் படிக்க வழி இருக்கிறது. நியூயார்க் பல்கலைக்கழகத்தில் இதழியலோடு மேற்காசிய ஆய்வைச் சேர்த்துப் படிக்கலாம். இந்த இரட்டைப் படிப்புகள் மேல் எனக்கு மதிப்பு உண்டு. ஒரு நாட்டைப் பற்றி எழுதப் போகிறாயா, முதலில் அதன் மொழியைப் படி, நிலத்தையும் குலத்தையும் கடவுளையும் பற்றி அங்குள்ளவர்கள் என்ன எழுதி வைத்திருக்கிறார்கள் என்று பார், உனக்கு முன்னால் போனவர்கள் எங்கே ஏமாந்தார்கள் என்று தெரிந்துகொள், பிறகு விமானம் ஏறு என்பதைவிட நியாயமாக ஒரு பத்திரிகைக்காரரிடம் என்ன சொல்லிவிட முடியும்? காலையில் பக்கத்து ஊர் நகர்மன்றக் கூட்டத்தில் உட்கார்ந்து குடிநீர்க் கட்டணம் பற்றி யார் என்ன பேசினார் என்று குறித்துக்கொண்டு வந்து, மதியத்துக்கு மேல் கட்டம் போட்ட தாளில் சீன எழுத்துகளைக் கோடு கோடாக இழுத்துப் பழகும் ஒரு மாணவியை நினைத்துப் பார்க்கிறேன். செய்தியறை அவளை மாலைக்குள் முடி என்று விரட்டும். நூலகம் இன்னும் பத்து வருடம் வாயைத் திறக்காதே என்று பிடித்து வைக்கும். இந்த இழுபறியில் வளர்கிறவர்கள் நல்ல எழுத்தாளர்களாகவே வருவார்கள், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. உறுத்தல் வேறு இடத்தில். இரண்டு வகுப்பிலும் அவளுக்குக் கேட்கச் சொல்லிக்கொடுக்கிறார்கள், நன்றாகவே சொல்லிக்கொடுக்கிறார்கள். கேட்டு வாங்கியதை எழுதிய பிறகு, சொன்னவருக்கு அவள் என்ன பதில் சொல்ல வேண்டும் என்பது எந்தப் பாடத்தில் வருகிறது? ஒரு சீன விவசாயி தன் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து சொன்னது கலிபோர்னியாவில் அச்சாகும். தான் சொன்னது சரியாக வந்திருக்கிறதா என்று அந்த விவசாயி ஒருநாளும் பார்க்கப்போவதில்லை. தன்னைப் பற்றி எழுதப்பட்டதைப் படிக்க முடியாத ஒருவரைப் பற்றி எழுதும் உரிமை எங்கிருந்து வருகிறது? பட்டம் தருகிறதா அதை? இந்தக் கேள்வி வெகுநாளாக என்னை விட்டுப் போகவில்லை.

இப்படிப் படித்தவர்களின் பரம்பரையில் முதலில் எனக்கு ஞாபகம் வருகிறவர் தியோடர் வைட். 1938இல் ஹார்வர்டில் சீன வரலாறு படித்து முடித்தவர். அவருக்குப் பாடம் சொன்னவர் ஜான் கிங் ஃபேர்பேங்க், அமெரிக்காவில் சீன ஆய்வு என்ற துறையையே வளர்த்தெடுத்தவர்களில் ஒருவர். பாஸ்டன் தெருவில் பேப்பர் விற்று, உதவித்தொகையில் படித்து வந்த அந்தப் பையனிடம் நீ பேராசிரியராவதைவிடப் பத்திரிகைக்காரனாவது நல்லது என்று சொன்னவரும் அவர்தான். அடுத்த சில வருடங்களில் வைட், போர்க்காலச் சீனாவின் தலைநகரான சோங்சிங்கில் டைம் பத்திரிகையின் நிருபர். 1943இன் தொடக்கத்தில், லண்டன் டைம்ஸுக்கு எழுதிய ஹாரிசன் ஃபோர்மனோடு அவர் ஹெனான் மாநிலத்துக்குப் போனார். முந்தைய வருடம் மழை பொய்த்திருந்தது. ஜப்பானியப் படை ஒரு பக்கம். தங்கள் பக்கத்துப் படையோ விளையாத நிலத்துக்கும் விடாமல் தானிய வரி வசூலித்துக்கொண்டிருந்தது. ஜனங்கள் எல்ம் மரத்துப் பட்டையை உரித்து இடித்துத் தின்றார்கள். தண்டவாளத்தை ஒட்டிப் பிணங்கள் கிடந்தன, நாய்கள் அவற்றைத் தோண்டின. ஜெங்ஜோவில் அதிகாரிகள் இந்த இரண்டு நிருபர்களுக்கும் ஒரு விருந்து வைத்தார்கள். கோழி, மாட்டிறைச்சி, தாமரைக் கிழங்கு, ஸ்பிரிங் ரோல், சுடச்சுட கோதுமை ரொட்டி, கடைசியில் சர்க்கரை பூசிய கேக். அந்த உணவுப் பட்டியலை வைட் ஒன்று விடாமல் குறித்துவைத்து, பல வருடம் கழித்துத் தன் நினைவுக் குறிப்பில் எழுதினார். வெளியே செத்துக்கொண்டிருந்தவர்களின் கணக்கையும் மேசை மேல் இருந்த தட்டுகளின் கணக்கையும் ஒரே கையால் எழுதிய அந்தப் பக்கம், இரண்டு படிப்பும் ஓர் ஆளிடம் சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதற்கு நான் அறிந்த நல்ல சாட்சி. வரலாறு படித்தவர் என்பதால் பஞ்சத்தின் பின்னால் வரி வசூலைப் பார்த்தார். நிருபர் என்பதால் கேக்கைப் பார்த்தார். திரும்பும் வழியில் லுவோயாங் தந்தி நிலையத்திலிருந்து அவர் அனுப்பிய செய்தி எப்படியோ சோங்சிங் தணிக்கையில் சிக்காமல் நேரே நியூயார்க் போய்ச் சேர்ந்தது. மார்ச் மாதத்தில் டைம் அதை வெளியிட்டது. சீன ஆட்சித் தலைவர் சியாங் கை ஷேக்கின் மனைவி அப்போது அமெரிக்காவில் சுற்றுப்பயணம் செய்துகொண்டிருந்தார். அவர், இந்த ஆளை வேலையை விட்டு நீக்குங்கள் என்று பத்திரிகை முதலாளி ஹென்றி லூஸிடம் கேட்டார். லூஸ் மறுத்துவிட்டார். வைட் சியாங்கையே நேரில் பார்த்தார். மனிதப் பிணத்தை நாய் தின்கிறதா, இருக்கவே முடியாது என்றவருக்கு ஃபோர்மன் எடுத்த படங்கள் காட்டப்பட்டன. அதன் பிறகுதான் தானிய வண்டிகள் நகர்ந்தன. அதற்குள் செத்துப்போனவர்களை இருபது லட்சம் என்றும் முப்பது லட்சம் என்றும் பின்னால் வந்தவர்கள் கணக்கிட்டார்கள்.

இவ்வளவோடு நிறுத்தினால் இது ஒரு வெற்றிக் கதை. ஆனால் வைட் போவதற்கு முன்பே அந்தப் பஞ்சம் சீன மொழியில் அச்சாகிவிட்டது. தா குங் பாவ் என்ற சோங்சிங் நாளிதழின் நிருபர் ஜாங் காவ்ஃபெங் ஹெனானிலிருந்து நேரில் பார்த்து எழுதிய கட்டுரை 1943 பிப்ரவரி முதல் தேதி வெளிவந்தது. மறுநாள் ஆசிரியர் வாங் யுன்ஷெங், தலைநகரத்துச் செழிப்பையும் ஹெனானின் பசியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் தலையங்கம் எழுதினார். அரசாங்கம் பத்திரிகையை மூன்று நாள் மூடியது. ஜாங் கைதானார். அந்த மூடல்தான் வெளிநாட்டு நிருபர்களை ஹெனான் பக்கம் திரும்பிப் பார்க்க வைத்தது. யோசித்துப் பார்க்கும்போது எனக்கு மனம் ஆறுவதில்லை. ஒரே பஞ்சம், ஒரே பாதை, ஏறக்குறைய ஒரே சாட்சியங்கள். சீன மொழியில் எழுதியவர் சிறைக்குப் போனார், ஆங்கிலத்தில் எழுதியவர் சியாங்கின் அறைக்குப் போனார். ஹெனானின் பசி சோங்சிங்கை எட்ட நியூயார்க்கைச் சுற்றிக்கொண்டு வர வேண்டியிருந்தது. வைட்டின் மேல் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை, அவர் செய்ததால் உயிர்கள் பிழைத்தன. ஆனால் அவர் எழுத்துக்குக் கிடைத்த பலம் அவர் படித்த சீன வரலாற்றிலிருந்து வந்ததல்ல. அவருடைய வாசகர்கள் யார் என்பதிலிருந்து வந்தது. சியாங்குக்குப் பணமும் ஆயுதமும் தந்துகொண்டிருந்த நாடு அவருடைய வாசகர். ஜாங்குக்கு வாசகர்களாக இருந்தவர்களோ அதே ஆட்சியின் கீழ் வாழ்ந்தவர்கள், பலர் அதே பஞ்சத்தில் உறவினரைப் பறிகொடுத்தவர்கள். அவர் தப்பாக ஒரு வரி எழுதியிருந்தால் ஹெனானிலிருந்து ஓடி வந்த ஒருவர் பத்திரிகை அலுவலகத்துக்கே போய் நின்று கேட்டிருக்கலாம். டைம் அலுவலகத்துக்கு அப்படி யார் போய்க் கேட்பது? இதே விஷயத்தின் இன்னொரு முகம் எட்கர் ஸ்னோவிடம் இருக்கிறது. மிசோரி இதழியல் பள்ளியிலும் கொலம்பியாவிலும் படித்து, யென்சிங் பல்கலைக்கழகத்தில் இதழியல் சொல்லிக்கொடுத்தவர். 1936இல் மாவோவைத் தேடிப் போய் அவர் எடுத்த நீண்ட பேட்டி ஆங்கிலத்தில் எழுதப்பட்டு, மறுபடி சீனத்தில் பெயர்க்கப்பட்டு, மாவோ தன் கையால் திருத்திய பிறகுதான் நூலில் ஏறியது. தலைவருக்குத் திருத்தும் வாய்ப்பு கிடைத்தது. அதே பயணத்தில் ஸ்னோவிடம் பேசிய சிப்பாய்களுக்கும் குடியானவர்களுக்கும் அது கிடைத்திருக்க வழியில்லை.

ஆசியாவைப் படிக்க அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் பெரும் பணம் வந்து இறங்கியது 1958இல். முந்தைய வருடம் சோவியத் ஒன்றியம் ஸ்புட்னிக்கை ஏவியதில் பதறிப்போன அமெரிக்க அரசு, தேசப் பாதுகாப்புக் கல்விச் சட்டம் என்ற பெயரிலேயே ஒரு சட்டம் போட்டு, தொலைதூர மொழிகளைக் கற்பிக்கும் மையங்களுக்கு நிதி கொடுத்தது. சிகாகோ போன்ற இடங்களில் தமிழ் கற்பிக்கவும் அந்தப் பணம் உதவியது. அதில் விளைந்த நல்ல ஆய்வுகளின் பயனைத் தமிழில் எழுதுகிற நாமும் அனுபவித்திருக்கிறோம். பணம் வந்த வழியை மட்டும் வைத்து அறிவைத் தள்ளிவிட முடியாது என்றுதான் நினைக்கிறேன். இருந்தாலும் ஒரு மொழியை எதற்காகப் படிக்கிறோம் என்பது அந்த மொழியில் நாம் கேட்கும் கேள்விகளில் தங்கிவிடுகிறது. அந்தச் சட்டம் வந்த சமயத்தில் கலிபோர்னியாவின் கோஸ்டா மேசா என்ற ஊரில், ஆரஞ்ச் கோஸ்ட் கல்லூரியில், ஃபாம் சுவான் ஆன் என்ற வியட்நாமியர் இதழியல் படித்துக்கொண்டிருந்தார். சாக்ரமென்டோ பீ நாளிதழில் பயிற்சி பெற்று, 1959இல் சைகோன் திரும்பினார். ராய்ட்டர்ஸ், பிறகு டைம். வியட்நாமிய மொழியில் ஒரு வாக்கியம் பேசத் தெரியாத அமெரிக்க நிருபர்கள் கிவ்ரால் காபிக் கடையில் அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, நடப்பதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டுப் போவார்கள். எந்தத் தளபதி எந்தத் தளபதியின் மைத்துனன், எந்தப் புத்த மடம் யார் பக்கம், கிராமத்தில் நிலம் யார் கையில் என்று அவர் பொறுமையாகச் சொல்வார். போர் முடிந்த பிறகு தெரிந்தது, அவர் அத்தனை வருடமும் எதிர்த்தரப்பின் உளவாளியாக இருந்திருக்கிறார் என்று. அவரோடு வேலை பார்த்த பலரும், அவர் தங்களுக்குப் பொய்ச் செய்தி கொடுத்ததில்லை என்றே கடைசிவரை சொன்னார்கள். அமெரிக்க இதழியல் பயிற்சியும் பிறந்த மண்ணின் அறிவும் ஒரே ஆளிடம் கூடிய இவரைத்தான், இரட்டைப் படிப்பு எதிர்பார்க்கும் முழுமையான மாணவர் என்று சொல்ல வேண்டியிருக்கிறது. சொல்லும்போதே சங்கடமாக இருக்கிறது. அவர் யாருக்குக் கடமைப்பட்டிருந்தார் என்பது அவருடைய வாசகர்களுக்குத் தெரியாது. ஆனால் மற்ற நிருபர்கள் யாருக்குக் கடமைப்பட்டிருந்தார்கள் என்பது வியட்நாமியர்களுக்கு மட்டும் தெரிந்திருந்ததா? பாதுகாப்பு நிதியில் மொழி படித்து வந்து, என் பெயரையும் ஊரையும் குறித்துக்கொண்டு போகிற இந்த வெள்ளைக்காரர் எந்த மேசைக்கு இதைக் கொண்டுபோகிறார் என்று ஒரு மீகாங் டெல்டா விவசாயி பயந்திருந்தால், அந்தப் பயத்தில் தவறு காண என்னால் முடியவில்லை.

தன்னைப் பற்றி எழுதப்படுகிறவர் படிக்கும்படியாகவே எழுதிய ஒருவரை எனக்குத் தெரிந்தவரையில் தேடினால் மட்டக்களப்புத் தர்மரத்தினம் சிவராம் முன்னால் வருகிறார். பேராதனைப் பல்கலைக்கழகப் படிப்பைப் பாதியில் விட்டு ஆயுத இயக்கத்துக்குப் போனவர், பிறகு எழுத்துக்கு வந்தவர். தராக்கி என்ற பெயரில் கொழும்பின் ஆங்கில நாளிதழ்களில் அவர் எழுதிய பத்திகளைச் சிங்களப் படை அதிகாரிகள் படித்தார்கள், புலிகள் படித்தார்கள், தூதரகக்காரர்கள் படித்தார்கள். கிழக்கு மாகாணத்தின் குடி முறையையும் பழைய படைத்தொழில் மரபுகளையும் பற்றி அவருக்கு இருந்த அறிவு எந்த முதுகலை வகுப்பையும் நிறைத்துவிடும். 1980களின் தொடக்கத்தில் மண்டூர் முருகன் கோயிலை ஆராய மட்டக்களப்பு வந்த அமெரிக்க மானிடவியலாளர் மார்க் விட்டக்கர் அவருக்கு நண்பரானார். இருவரும் இருபது வருடத்துக்கும் மேல் சண்டை போட்டுப் பேசிக்கொண்டே இருந்தார்கள். தகவல் சொல்கிறவர் ஒருவர், அதை வைத்துக் கோட்பாடு எழுதுகிறவர் இன்னொருவர் என்ற ஏற்பாட்டுக்குச் சிவராம் ஒத்துக்கொள்ளவில்லை. நீ என்னைப் பற்றி எழுது, நான் மறுக்கிறேன் என்றுதான் அந்த நட்பு நகர்ந்தது. அந்த மறுப்புகளோடேயே விட்டக்கரின் நூல் 2007இல் வந்தது. அதைப் படிக்கச் சிவராம் இல்லை. 2005 ஏப்ரல் 28 இரவு பம்பலப்பிட்டியில் கடத்தப்பட்டு, மறுநாள் காலை நாடாளுமன்றத்தை அடுத்த தலங்கமவில் பிணமாகக் கிடந்தார். யாரும் தண்டிக்கப்படவில்லை. அவருக்குப் பதினைந்து வருடம் முன்பு நண்பர் ரிச்சர்ட் டி சொய்சாவும் இதே விதமாகக் கடத்திக் கொல்லப்பட்டார். அந்த உடலை அடையாளம் காட்டியவர்களில் சிவராமும் ஒருவர். இங்கே வந்து என் கேள்வி இடறுகிறது. எழுதப்படுகிறவர்கள் படிக்கும்படி எழுது என்று பெர்க்லி மாணவியிடம் சொல்வது எனக்கு எளிது. ஜாங் சிறைக்குப் போனதும் சிவராம் கொல்லப்பட்டதும் அப்படி எழுதியதால்தான். தூரத்து வாசகருக்கு எழுதுவது ஒரு குறை என்று இதுவரை பேசிவந்தேன். அதே தூரம்தான் வைட்டைக் காப்பாற்றியது, அவர் வழியாக ஹெனானுக்கு வண்டி வந்தது. தூரத்தை முழுக்க ஒழித்துவிடு என்று என்னால் சொல்ல முடியாது. அந்தத் தூரத்தை ஒரு வசதியாக மட்டும் அனுபவிக்காதே என்று வேண்டுமானால் சொல்லலாம்.

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களைப் பற்றி இவ்வளவு பேசும்போது, நம் பக்கம் இந்தப் படிப்பின் நிழலாவது இருக்கிறதா என்ற கேள்வியும் கூடவே எழுகிறது. சென்னையில் ஆசிய இதழியல் கல்லூரி 2000 முதல் இயங்குகிறது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் தெற்கு, தென்கிழக்கு ஆசிய ஆய்வுக்கு மையம் இருக்கிறது. இரண்டும் ஒரே ஊரில் இருந்தும், பர்மிய மொழியோ சிங்களமோ படித்துவிட்டுத் தமிழில் செய்தி எழுதுகிற நிருபர் ஒருவரை எனக்குச் சுட்டிக்காட்டத் தெரியவில்லை. யாங்கோனில் நடப்பது லண்டன் வழியாகவும் பாங்காக் வழியாகவும்தான் தமிழ்ப் பத்திரிகைக்கு வருகிறது. நம்மிடம் இந்த மரபே இல்லை என்றும் சொல்ல முடியாது. திரு.வி.க.வின் நவசக்தியில் வேலை பார்த்த வெ. சாமிநாத சர்மா 1932இல் ரங்கூன் போய், ஜோதி என்ற மாத இதழை நடத்தினார். 1942இல் ஜப்பானியக் குண்டுவீச்சில் ஊர் கலைந்தபோது ஆயிரக்கணக்கானவர்களோடு நடந்தே இந்தியா திரும்பினார். சீனாவின் வரலாற்றையும் பாலஸ்தீனத்தையும் தமிழ் வாசகருக்கென்றே எழுதியவர். பட்டம் ஒன்றும் இல்லாமல் இரண்டு படிப்பையும் ஓர் ஆயுளில் முடித்தவர் என்றுதான் அவரைப் பார்க்கிறேன். அவருக்குப் பின் அந்த இடம் காலியாகவே இருக்கிறது.

மொழி தெரியாததுதான் தடை என்றால் பாக் நீரிணையில் அந்தத் தடை கிடையாது. இராமேசுவரத்து மீனவர் பேசுவதும் தமிழ், யாழ்ப்பாணத்து மீனவர் பேசுவதும் தமிழ். இங்கே மீனவர் சிறைபிடிப்பு என்ற தலைப்பு மாதம் தவறாமல் வருகிறது. வர வேண்டிய செய்திதான். சுடப்பட்டவர்களும் உண்டு, படகைப் பறிகொடுத்துக் கடனில் மூழ்கிய குடும்பங்களும் உண்டு, அந்தத் துயரத்தில் ஒரு துளியும் பொய் இல்லை. ஆனால் நம் விசைப்படகுகள் கடலுக்குப் போகும் இரவுகளில் வடக்கு மாகாணத்துச் சிறு படகுக்காரர்கள் கரையிலேயே இருந்துவிடுகிறார்கள் என்பது நம் பத்திரிகைகளில் எத்தனை முறை வந்திருக்கிறது? துணிந்து வலை விட்டுவைத்தவர் விடிகாலையில் போய்ப் பார்க்கிறார். மிதவைகள் ஒரு பக்கம், நைலான் நூல் ஒரு பக்கம், இழுவைமடி வாரிக்கொண்டு போனது போக ஈயக்குண்டு கோத்த கயிறு கொஞ்சம் மிச்சம். அவர் போரில் ஒருமுறை எல்லாம் இழந்து, 2009க்குப் பிறகு கடன் வாங்கி அந்த வலையை வாங்கியவர். இழுவைமடியை இலங்கை 2017இல் சட்டம் போட்டுத் தடை செய்ததற்குப் பின்னால் அவருடைய சங்கங்களின் பல வருடப் போராட்டம் இருக்கிறது. இராமேசுவரத்து நிருபருக்கு இதைக் கேட்க மொழிபெயர்ப்பாளரும் வேண்டாம், வட்டார ஆய்வுப் பட்டமும் வேண்டாம், ஒரு தொலைபேசி போதும். யாழ்ப்பாணத்து மீனவர் தன் வாசகர் இல்லை என்று அவர் நினைக்கிறார், அவ்வளவுதான். இதைப் பார்த்த பிறகு என் சந்தேகம் அமெரிக்காவைப் பற்றியது மட்டுமாக இல்லாமல் போய்விட்டது. பக்கத்து வீட்டு மொழியே நம் மொழியாக இருந்தும் நாம் இதைச் செய்யவில்லை என்றால், மூன்று வருடம் சீனம் படித்துவிட்டு ஷாங்காய்க்குப் போகிற அந்த மாணவியிடம் எந்த வாயால் கேட்பது?

ஆனாலும் கேட்கத்தான் வேண்டும் என்று தோன்றுகிறது. இரட்டைப் படிப்பின் கடைசி வருடத்தில் ஒரு நீண்ட செய்திக்கட்டுரையோ ஆய்வேடோ எழுதிக் கொடுக்கிறார்கள், பேராசிரியர்கள் படித்துத் தேர்ச்சி சொல்கிறார்கள். அதோடு, எழுதியதை எந்த ஊரில் எழுதினாரோ அந்த ஊரின் மொழியில், அங்கே பேசியவர்கள் முன்னால் உட்கார்ந்து படித்துக்காட்டுவதையும் பாடத்திட்டத்தில் வைக்கலாம். நம் ஊருக்கு என்றால், இராமேசுவரத்தில் எழுதிய செய்தியைப் பருத்தித்துறைக் கடற்றொழிலாளர் சங்கத்தில் படித்துக்காட்ட வேண்டும். பருத்தித்துறையில் எழுதியதை இராமேசுவரத்தில். எல்லா இடத்திலும் இது நடக்காது என்பதும் தெரிகிறது. இராணுவ ஆட்சியில் இருக்கும் யாங்கோனில் ஒரு தேநீர்க் கடையில் இதைப் படித்துக்காட்டினால், பேசியவர் யார் என்று காட்டிக்கொடுத்தது போல ஆகிவிடும். அப்படிப்பட்ட இடங்களில் வேறு வழிதான் பார்க்க வேண்டும். என்ன வழி என்று அங்கே இருப்பவர்களிடமே கேட்க வேண்டும். ஆனால் பருத்தித்துறையில் அந்த ஆபத்து இல்லை. அங்கே ஒருவர் எழுந்து, தம்பி, நான் இப்படிச் சொல்லவில்லை, இதை எடு என்பார். இன்னொருவர் அதை எடுக்காதே, அவன் இப்போது பயந்து மாற்றிச் சொல்கிறான் என்பார். கட்டுரையாளருக்கும் தான் எழுதியதே சரி என்று படலாம், அதை அவர் விட்டுக்கொடுக்கவும் வேண்டாம். அந்த மறுப்புகளைக் கட்டுரையோடு சேர்த்து, சொன்னவர்கள் சம்மதித்தால் அவர்கள் பெயரோடும், அதே பக்கத்தில் அச்சிட்டால் போதும்.